சுந்தர்சிங்குக்காக ஒரு ஜெபக்குறிப்பு

“ஏட்டி ஞானம், இத யாரு எழுதுனது?”

“எத?”

“வாட்ஸ்அப்பப் பாரு. இந்த வார ஜெபக்குறிப்பு. ஆறாவது நம்பர். ‘சுந்தர்சிங் அண்ணனின் தொழில் பெருகும்படியாக’ன்னு போட்டிருக்கு.”

“கிரேஸ்லினாத்தான் இருக்கும். போன சனிக்கிழம ஜூம்ல நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்ததப் பாத்திருப்பா. நல்லதுதான, அதுக்கு ஏன் இப்பிடிக் கத்துதிய?”

“நல்லதா? என் தொழில் என்னன்னு அவளுக்குத் தெரியாதா?”

எள்ளுத் துவையல் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை ஞானம் நிறுத்தினாள். ஒரு கணம் கணவரைப் பார்த்தாள். விஷயம் பிடிபட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காத.”

“பின்ன அழவா செய்ய? இருவது குடும்பம் ஒண்ணாச் சேந்து, ‘ஆண்டவரே, ஊர்ல உள்ளவன் வண்டியெல்லாம் முட்டிக்கிடணும்’னு கேக்கப் போறாவ.”

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆன்லைனில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த மகள் ஆஷ்லி, காதிலிருந்து ஒரு இயர்போனை மட்டும் கழற்றினாள்.

“அப்பா, யூ ஆர் லிட்டரலி ப்ரேயிங் ஃபார் கார் க்ராஷஸ். தட்ஸ் சோ டார்க்.”

“நான் எங்கட்டி ஜெபிச்சேன்? எனக்காக ஜெபிக்காவ.”

“சேம் திங்,” என்று சொல்லிவிட்டுக் காதை அடைத்துக்கொண்டாள்.

கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாத ஊர், ஹூஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள பேர்லேண்ட். பிராட்வே சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் ‘சிங் ஆட்டோ பாடி’ என்று பலகை தெரியும். பெயரைப் பார்த்துத் தலைப்பாகைக்காரரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரர். நரைத்த மீசை, முழங்கை வரை சுருட்டிய சட்டை, நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் பெயின்ட். எண்ணெய்க் கம்பெனியில் மெக்கானிக்கல் என்ஜினீயராக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு அனுப்பியபோது, இனி ஒருத்தனிடமும் பயோடேட்டா நீட்டுவதில்லை என்று இந்தக் கடையை வாங்கிவிட்டார். கடையோடு ரமோனும் வந்தார். பத்தொன்பது வருஷமாக அங்கேயே வேலை செய்கிறவர். எந்தக் காரின் பக்கத்திலும் இரண்டு நிமிடம் நின்றால் போதும், அதன் பெயின்டைக் கண்ணாலேயே பார்த்துக் கலக்கிவிடுவார்.

நம்மூரில் டிங்கரிங் என்கிற அதே வேலைதான். ஒடுக்கு எடுக்க வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், உப்புத்தாள் தேய்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். ஒடுக்கு விழுவதற்கு இந்த ஊரில் ஒரு நாளும் குறைவில்லாமல் இருந்தது. காலையில் 288 ஃப்ரீவேயில் ஹூஸ்டனுக்குப் போகிற ஆயிரக்கணக்கான வண்டிகள் நத்தையாக ஊரும். எவனாவது போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் போகிறவனை இடிப்பான். இந்தியன் க்ரோசரி வாசலில் முருங்கைக்காய் வாங்கிய சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுக்கிறவர்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வார்கள். தீபாவளிக்கு மறுநாள் ஏழு பம்பர் வந்தது ஒரு வருஷம்.

மார்ச் மாதத்தில் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஏப்ரலில் ஃப்ரீவேயைப் பார்த்தால் கிறிஸ்மஸ் காலை மாதிரி வெறிச்சென்று இருந்தது. இடிக்க முன்னால் வண்டி வேண்டுமே.

ரமோனும் சுந்தர்சிங்கும் கடையை நாலு தடவை கூட்டிப் பெருக்கினார்கள். கருவிகளையெல்லாம் துடைத்து அளவுவாரியாகத் தொங்கவிட்டார்கள். அதற்கப்புறம் ரமோன் ஒரு யோசனை சொன்னார். பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு ஃபெண்டரை, கார்ச் சக்கரத்துக்கு மேல் வரும் தகட்டை, இழுத்துவந்து, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“என்ன செய்யுதீரு?”

“கை மறந்துவிடும், சிங். எடு பார்ப்போம்.” ரமோன் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேசுவார், சுந்தர்சிங் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நாலு வருஷமாக எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

அதிலிருந்து தினமும் அந்த ஃபெண்டரை ஒருவர் ஒடுக்குவதும் மற்றவர் நிமிர்த்துவதுமாக இருந்தார்கள். மதியம் ஆனதும் ரமோன் கையைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளில் மிக முக்கியமானதைச் சொல்வார்.

“சோறு?”

உளுந்தஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் அவருக்கு உயிர். இருவரும் ஆறடி தள்ளி ஆளுக்கொரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டுச் சாப்பிடுவார்கள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் மிஸ்டர் ட்ரான், வியட்நாம்காரர். வாடகை ஒப்பந்தம் மே முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. மேலும் மூன்று வருஷம் இருக்கப் போகிறாயா, இல்லையா என்று கேட்டு ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. இடிபட்ட வண்டிகளின் போட்டோவை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்து மதிப்புப் போடுகிற வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தது. அதை ஒப்புக்கொண்டால் வீடு நிம்மதியாக ஓடும். கடை போய்விடும். ரமோனுக்கு அறுபத்தொரு வயது.

இதுதான் சுந்தர்சிங் ஜூமில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதற்குக் காரணம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபக்கூட்டம். முன்பெல்லாம் ஊரிலுள்ள இருபது தமிழ்க் குடும்பங்களும், கூட்டத்தை நடத்துகிற ஜெயபிரகாஷ் வீட்டில் கூடுவார்கள். இப்போது திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். பாட்டுப் பாடினால் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வருகிறது என்று ஜெயபிரகாஷ் எல்லாரையும் மியூட் செய்துவிட்டுத் தான் மட்டும் பாடினார். அவர் தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷர், பாட்டு மட்டும் வராது.

ஆறாவது குறிப்பை கிரேஸ்லின் எடுத்துக்கொண்டாள். பார்மசியில் வேலை செய்கிறவள், நாகர்கோவில் பக்கம். ஜெபம் செய்ய ஆரம்பித்தால் ஆண்டவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போலப் பேசுவாள்.

“அன்பின் பிதாவே, உம்முடைய பிள்ளை சுந்தர்சிங் அண்ணனை நினைத்தருளும். அண்ணனுடைய கடை வெறுமையா இருக்கு ஆண்டவரே. நாள்தோறும் புது வண்டிகளை அந்த வாசலுக்குக் கொண்டுவாரும். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கொண்டுவாரும். சின்ன வண்டி, பெரிய வண்டி, எல்லாத்தையும்...”

“ஆமென்,” “ஆமென்” என்று கட்டங்களில் எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒரு கட்டம் மஞ்சளாக மின்னியது. சென்னைக்காரர் எட்வின்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். ஸாரி. அந்த வண்டில்லாம் எப்டி சிஸ்டர் அங்க போவும்?”

கிரேஸ்லின் கண்ணைத் திறந்தாள். “எப்படின்னா?”

“இல்ல, ஓட்டிக்கினா, இல்ல டோ பண்ணி, கட்டி இழுத்துக்கினா?”

கிரேஸ்லினின் வாய் மெதுவாகத் திறந்தது. ஞானம் கேமராவை அணைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜெயபிரகாஷ் தொண்டையைக் கனைத்து, “சரி, ஏழாவது குறிப்பு. பரீட்சை எழுதுற பிள்ளைகள்,” என்றார்.

ஆனால் ஆமென் சொல்லியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு டோ ட்ரக் கடை முன்னால் வந்து நின்றது. ஐந்து வாரத்துக்கு அப்புறம் வருகிற முதல் வண்டி. ரமோன் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஓடினார். ஓடின வேகத்திலேயே நின்றுவிட்டார்.

வண்டிக்குக் கூரை இல்லை. இருந்தது, ஆனால் இருக்கை வரை அமுங்கியிருந்தது. முன்பக்கம் அக்கார்டியன் மாதிரி மடிந்திருந்தது. சுந்தர்சிங் சுற்றிவந்து பின்னால் பார்த்தார். பின் பம்பர் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. ஜனவரியில் அவரே போட்ட பம்பர். ஜெயபிரகாஷ் வீட்டு வண்டி. ஓட்டுகிறவன் அவர் மகன் ஆட்ரியன், காலேஜ் மூடியதால் வீட்டுக்கு வந்திருந்த பையன்.

உடனே ஞானத்துக்குப் போன் போட்டார். அவள் ஹூஸ்டன் மெடிக்கல் சென்டர் வளாகத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். வேலை நேரத்தில் எடுக்க மாட்டாள். அன்றைக்கு எடுத்தாள்.

“ஞானம், ஆட்ரியன் வண்டி இங்கன வந்திருக்கு. அந்தப் பய...”

“ஆட்ரியன் என் முன்னாலதான் படுத்திருக்கான்.”

“உசிரோடயா?”

“‘ஆன்ட்டி, டோன்ட் டெல் அப்பா ஹவ் ஃபாஸ்ட்’னு கேக்கான். அவ்வளவு உசிரோட இருக்கான். தோள்பட்ட எலும்பு ஒடஞ்சிருக்கு, விலா ரெண்டு. வேற ஒண்ணுமில்ல. ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு.”

“எவ்வளவு வேகத்துல போனானாம்?”

“நூத்திப் பன்னெண்டு மைல்.”

“எதுக்கு?”

“ரோடு காலியா இருந்துச்சாம்.”

சுந்தர்சிங் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். “ஏட்டி, சனிக்கிழம ஜெபிச்சோம். செவ்வாக்கிழம வந்து நிக்கி. வடக்க இருந்து டோ பண்ணிக் கொண்டாந்திருக்கான்.”

“கிறுக்குத்தனமாப் பேசாதிய. உங்க கடைக்குப் பம்பர் மாத்தணும்னு ஆண்டவர் பிள்ளையத் தலகீழாப் போடுவாரா? அவருக்கு வேற சோலி இல்லயா? போனை வைங்க. இவன் அம்மைய உள்ள விட மாட்டேங்காவ, கொரோனா. நான்தான் வீடியோல காட்டணும்.”

இரண்டு நாள் கழித்து ஜெயபிரகாஷ் வண்டியைப் பார்க்க வந்தார். மாஸ்க்குக்கு மேல் கண் சிவந்திருந்தது. அமுங்கிய கூரையில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

“சரி பண்ண முடியுமாண்ணே?”

“இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ்னு எழுதிட்டான். இது நேரே காயலான் கடைக்குத்தான். எனக்கு இதுல ஒரு ஆணி அடிக்கக்கூட வேலை இல்ல.” சுந்தர்சிங் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இப்போ வாரது எல்லாமே இப்பிடித்தானாம். டோ பண்ணுத பயட்ட கேட்டேன். முன்னால நாளைக்குப் பத்து வண்டி இழுப்பானாம், எல்லாம் சின்ன அடி. இப்போ ரெண்டுதான், ஆனா ரெண்டும் இந்த மாதிரி.”

“ரோட்டுல ஆளே இல்ல. அப்புறம் எப்படிண்ணே?”

“ஆள் இல்லாததுனாலதான். நெரிசல்ல எவன் வேகமாப் போக முடியும்? இருவது மைல்ல ஊந்துகிட்டுப் போவான், முன்னால உள்ளவன முட்டுவான், ரெண்டு பேரும் எறங்கிச் சண்ட போட்டுட்டு எங்கிட்ட வருவான். அந்த டிராபிக்க நாம எவ்வளவு ஏசிருக்கோம்! அதுதான் இத்தன நாளா நம்மளப் புடிச்சு வச்சிருந்திருக்கு. இப்போ ரோட்டத் தொறந்து விட்டாச்சு. நல்ல பிள்ளைகூட ஒரு அழுத்து அழுத்திப் பாக்கான்.”

ஜெயபிரகாஷ் தலையாட்டினார்.

“ஜேபி, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஜெபக்குறிப்பு நான் குடுக்கல. ஆனா குடுக்க ஆசப்பட்டேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.”

“அண்ணே, உம்ம ஜெபத்துக்கு அவ்வளவு பவர் இருந்தா நான் பாஸ்டருக்கு ஏன் போன் போட்டுக்கிட்டுக் கெடக்கேன்? உமக்கே போட்டிருப்பேனே.” சொல்லிவிட்டு ஜெயபிரகாஷே சிரித்தார். சிரிக்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சுந்தர்சிங் ஆறடியை மறந்து ஒரு எட்டு முன்னால் வைத்தார், ரமோன் பின்னாலிருந்து, “சிங்!” என்று அதட்டினார். கையைக் கீழே போட்டுக்கொண்டு மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

சனிக்கிழமைக் கூட்டத்தில், குறிப்புகள் வாசிப்பதற்கு முன்னாலேயே சுந்தர்சிங் கையைத் தூக்கினார்.

“எனக்காக ஜெபிக்க வேண்டாம். அந்த ஆறாம் நம்பர எடுத்திருங்க.”

“அது எப்படி அண்ணே?” என்றாள் கிரேஸ்லின். ஆட்ரியன் அடிபட்ட நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். “நான் வார்த்தையச் சரியாச் சொல்லல, அதான். இந்தத் தடவ சரியாச் சொல்லுதேன். ஒருத்தருக்கும் காயமில்லாம, வண்டிக்கு மட்டும்...”

“வண்டிக்கு மட்டும்னா யார் வண்டிக்கு சிஸ்டர்?” என்றார் எட்வின்.

“யார் வண்டிக்குன்னு நாம எப்படிச் சொல்ல? பொதுவா.”

“பொதுவான்னா அதுல நம்ம வண்டியும் வருமே.”

“எட்வின் தம்பி புது டெஸ்லா வாங்கியிருக்காவ, அந்தப் பயம்,” என்று ஒரு கட்டத்திலிருந்து குரல் வந்தது.

“பயமில்லீங்க. க்ளாரிட்டி வேணும்ல? சும்மா ஓப்பனா விட்டா போன தடவ மாரி...” என்றவர், ஜெயபிரகாஷ் இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வேலையே வரணும்னு கேக்காம, சிங்கண்ணனுக்கு ஆறுதல் வேணும்னு கேட்டா என்ன?” என்றது இன்னொரு கட்டம்.

“ஆறுதல் வச்சி ரமோனுக்குச் சம்பளம் போட முடியுமா?” என்றாள் ஞானம்.

பத்து நிமிஷம் இப்படியே போனது. சட்டசபையில் மசோதாவைத் திருத்துவது போலத் திருத்தினார்கள். ‘லேசான’ என்ற வார்த்தையைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். ‘நின்றுகொண்டிருக்கிற’ என்று சேர்த்தால் ஆபத்தில்லை என்றார் இன்னொருவர். கடைசியில் ஜெயபிரகாஷ் எல்லாரையும் மியூட் செய்தார்.

“போதும். சத்தமாச் சொன்னாத்தான் சண்ட. அண்ணனுக்காக ரெண்டு நிமிஷம் அவங்கவங்க மனசுல ஜெபிச்சுக்கிடுங்க. என்ன கேட்டோம்னு வெளிய சொல்ல வேண்டாம்.”

இருபது கட்டங்களில் இருபது குடும்பங்கள் கண்ணை மூடின. சுந்தர்சிங் கண்ணை மூடவில்லை. அத்தனை முகங்களும் தனக்காக ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஞாயிறு போனது, திங்கள் போனது, செவ்வாய் போனது. வாசலுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. புதன்கிழமை காலையில் சுந்தர்சிங் ட்ரானுக்குப் போன் செய்து, காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் திங்கள்கிழமை முதல் வருவதாக ஈமெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். அதற்கு முன்னால் ரமோனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ரமோன் ஃபெண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். “சான் அன்டோனியோவில் என் அக்கா மகன் இருக்கிறான். கூரை போடும் கம்பெனி. வரச் சொல்கிறான்.”

“இந்த வெயில்ல கூரை மேலயா? உமக்கு முட்டி வலில்லா?”

“ஏணி ஏறும்போது மட்டும்தான் வலிக்கும். மேலே போய்விட்டால் பரவாயில்லை.” சுத்தியலைக் கீழே வைத்தார். “கருவாடு அங்கே கிடைக்குமா, சிங்?”

சுந்தர்சிங் அன்றைக்குச் சோற்றுப் பாத்திரத்தை முழுசாக ரமோனிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். காலையிலிருந்தே காற்றில்லாமல் உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. ஞானத்துக்கு அன்று விடுமுறை, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேற்கே வானம் பச்சை கலந்த கறுப்பாக மாறுவதை ஆஷ்லிதான் முதலில் பார்த்தாள்.

“அப்பா, கம் லுக். தி ஸ்கை இஸ் வியர்ட்.”

முதல் கல் கூரையில் விழுந்தபோது யாரோ செங்கல்லை எறிந்த மாதிரி இருந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. பெரிய நெல்லிக்காய் அளவில் பனிக்கட்டிகள், சரக்கு லாரி கவிழ்ந்தது போலக் கொட்டின. புல்தரையில் விழுந்து இடுப்பு உயரம் எகிறின. பேச்சு கேட்கவில்லை. ஞானம் எழுந்து ஓடிவந்து மகளை ஜன்னலிலிருந்து பின்னால் இழுத்தாள். பதினோரு நிமிஷம். பிறகு குழாயை மூடியது போல நின்றுவிட்டது.

சுந்தர்சிங் கதவைத் திறந்து வெளியே வந்தார். தெரு வெள்ளையாகக் கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது.

“எல்லாரும் ஓகேவா? யாருக்கும் அடி இல்லையே?” என்று எதிர்வீட்டு அனந்தராமன் கத்தினார்.

“ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல?”

“உள்ளதான் இருந்தோம். எங்க போறது, லாக்டவுன்தானே!” என்றவர், அப்போதுதான் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். “ஐயையோ. ஷ்யாமளா! இங்க வந்து பாரேன்!”

மற்ற வருஷமாக இருந்தால் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் ஒரு காரும் இருந்திருக்காது. எல்லாம் ஹூஸ்டனில் ஆபீஸ் பார்க்கிங் கட்டடங்களுக்குள் பத்திரமாக நின்றிருக்கும். இப்போது எல்லாம் வீட்டில். வீட்டில் என்றால் கராஜுக்குள் இல்லை. கராஜ்களில் அரிசி மூட்டை, டாய்லெட் பேப்பர் மலை, ட்ரெட்மில், ஆபீஸ் மேசை. அதனால் தெரு நெடுக, வீட்டுக்கு இரண்டாக, மூன்றாக, ஊரிலுள்ள அத்தனை கார்களும் வெட்டவெளியில் வரிசையாக நின்று அடி வாங்கியிருந்தன. ஒவ்வொரு பானெட்டிலும், கூரையிலும், பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக.

சுந்தர்சிங் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

“என்னங்க, அழுதியளா?” ஞானம் பக்கத்தில் வந்தாள்.

“இல்ல. எனக்குச் சிரிப்பு வருது. பாவமில்லயாட்டி? அனந்தராமன் பாரு, தலைல கைய வச்சிட்டு நிக்காரு.”

ஞானம் தெருவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். அடிபட்டவர்களைத் தேடிப் பழகிய பார்வை. ஒருவரும் நொண்டவில்லை, ஒருவருக்கும் ரத்தம் இல்லை. குழந்தைகள் பனிக்கட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்சூரன்ஸ் குடுத்துருவான். ஒருத்தனும் ஆஸ்பத்திரிக்குப் போவல. நல்லாச் சிரிங்க.”

அவர் சிரிக்கத் தொடங்குவதற்குள் போன் அடித்தது. ரமோன்.

“சிங், இந்த மாதிரிக் குழியை அடியிலிருந்து கம்பியால் நெம்பியே எடுத்துவிடலாம். பெயின்ட் வேண்டாம், பட்டி வேண்டாம். இங்கே வருமுன் டல்லாஸில் இரண்டு வருஷம் இதைத்தான் செய்தேன். அந்தக் கம்பிகள் கடையில்தான் கிடக்கின்றன. கடை இன்னும் நம்முடையதுதானே?”

சுந்தர்சிங்குக்கு அப்போதுதான் ட்ரான் ஞாபகம் வந்தது. உடனே கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். சாயங்காலம் வரை எடுக்கவில்லை. டயர் கடைக்காரன் அந்த இடத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முழுவதும் ‘நான் காலி செய்யவில்லை’ என்று மூன்று தடவை மெசேஜ் அனுப்பினார். பதில் இல்லை. இன்சூரன்ஸ் ஈமெயில் இன்னும் அனுப்பப்படாமல் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் கடை வாசலிலிருந்து பிராட்வே வரை கார்கள் நின்றன. ஆஷ்லி மாஸ்க்கும் கையுறையும் போட்டு, அட்டையில் நம்பர் எழுதி ஒவ்வொரு வைப்பரிலும் செருகிக்கொண்டே போனாள். “ஸ்டே இன் யுவர் கார்ஸ், அங்கிள், ப்ளீஸ்!” ஒருவரும் காருக்குள் இருக்கவில்லை.

“சிங்கண்ணே!” கிரேஸ்லின் தூரத்திலிருந்தே கையைக் கூப்பிக்கொண்டு வந்தாள். “உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல. போன சனிக்கிழம நான்தான் கேட்டேன். ‘வேற ஒருத்தரையும் தொடாதேயும் ஆண்டவரே, வேணும்னா எங்க வண்டிய எடுத்துக்கிடும்’னு. எங்க வண்டிய மட்டும்தான் கேட்டேன் அண்ணே! இப்பிடி ஊரு முழுக்க ஆவும்னு நெனைக்கவே இல்ல.”

ஜெயபிரகாஷ் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே காரில் சாய்ந்து நின்றிருந்தார். “நீயுமாம்மா? நானும் அதத்தான் கேட்டேன். இதக் குடுத்துருதேன்னு.”

“அப்போ நானும் சொல்லிடறேன்,” என்றார் எட்வின், டெஸ்லாவின் கூரையைப் பார்க்காமல். “ஆனா நான் பின் பம்பர்னு ஸ்பெசிஃபிக்கா கேட்டேன்.”

வரிசையில் ஒவ்வொருவராக மாஸ்க்குக்குள் முனகினார்கள். நானும், நாங்களும், நாங்க பழைய வண்டிய மட்டும். சுந்தர்சிங் கடைசி ஆள் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் போய், இல்லாத தூசியைத் துடைப்பது போல வாசல் கதவைத் துடைத்தார்.

“என்னவாம்?” என்று ரமோன் கேட்டார். சுந்தர்சிங் ஆங்கிலத்தில் விளக்கினார். ரமோன் தன் பழைய பிக்கப் ட்ரக்கின் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“அடுத்த தடவை என்னைப் போன்ற கத்தோலிக்கர்களை விட்டுவிடச் சொல்,” என்றார்.

அப்போது வரிசையில் நிற்காமல் ஒரு வெள்ளை ட்ரக் நேராக உள்ளே வந்தது. ட்ரான். குள்ளமான மனுஷர், தொப்பி வைத்திருந்தார். கையில் ஒரு உறை. சுந்தர்சிங் துடைத்த துணியோடு எதிரே போனார்.

“மிஸ்டர் ட்ரான், ரெண்டு நாளா போன் பண்ணுறேன். நான் புதன்கிழமை சொன்னது...”

“கார்ப்பென்டர், கூரைக்காரன், கண்ணாடிக்காரன். இரண்டு நாளாக எல்லாரும் எனக்குப் போன் செய்கிறார்கள். பதினாறு கட்டடம் எனக்கு.” ட்ரான் ட்ரக்கைச் சுற்றி நடந்தார். “புதன்கிழமை நீ என்ன சொன்னாய்?”

“காலி பண்ணுறேன்னு.”

“எழுதித் தந்தாயா?”

“இல்ல.”

“அப்படியென்றால் எனக்குக் கேட்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது.” உறையிலிருந்து காகிதத்தை எடுத்து ட்ரக்கின் பானெட்டில் விரித்தார். “மூன்று வருஷம். டயர் கடைக்காரன் கேட்கிறான்தான். ஆனால் அவனால் இந்தக் குழியை எடுக்க முடியுமா?”

சுந்தர்சிங் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தார். காகிதத்துக்கு அடியில் சமதரையே இல்லை. கையெழுத்து போடும்போது பேனா முனை ஒரு குழியில் இறங்கி, ஏறி, அடுத்ததில் இறங்கியது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது போல வந்தது.

“இது உன் கையெழுத்து மாதிரியே இல்லையே,” என்றார் ட்ரான்.

“உங்க வண்டி அப்படி. சரி பண்ணினதும் வேணும்னா திரும்பப் போட்டுத் தாரேன்.”

“எப்போது? இன்றைக்கா?”

ஆஷ்லி வந்து ட்ரானின் வைப்பரில் ஒரு அட்டையைச் செருகினாள். ட்ரான் அதை எட்டிப் பார்த்தார்.

“நாற்பத்து மூன்றா? நான் கட்டடத்துக்குச் சொந்தக்காரன்!”

“ஸாரி, சார்,” என்றாள் ஆஷ்லி. “கோ டு தி பேக் ஆஃப் தி லைன்.”

ட்ரான் சுந்தர்சிங்கைப் பார்த்தார். சுந்தர்சிங் பிராட்வே பக்கமாகக் கையை நீட்டினார். வெள்ளை ட்ரக் மெதுவாக ரிவர்ஸ் எடுத்தது.

“பாத்து, பாத்து!” என்று வரிசை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.